ரயில் போன வழியும் கண்மாய்க் கரையும்

விருதுநகர் மாவட்டத்தில் செத்துப்போன ரயில் பாதை என்று ஒன்று கிடையாது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் திறந்த பாதை அன்றைய விருதுபட்டி வழியாகத்தான் போனது. ஊர் விருதுநகர் ஆனது, மீட்டர் கேஜ் அகலப் பாதை ஆனது, இப்போது அது இரட்டைப் பாதையும் ஆகிவிட்டது. திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு 1927-இல் போட்ட கிளையில் பொதிகையும் சிலம்பும் ஓடுகின்றன. அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரைக்கு 1963-64-இல் வந்த பாதை, அகலப்படுத்துவதற்காகச் சில ஆண்டுகள் மூடிக்கிடந்து 2013-இல் திரும்பத் திறந்தது. போட்ட பாதை எதையும் இந்த மாவட்டம் இழக்கவில்லை. ரயிலுக்காக ஏங்கும் ஊர்களுக்கு இது பொறாமை தரும் செய்தி. லாரியும் பேருந்தும் உரசாத வழியில் சைக்கிளில் நாலு ஊர் சுற்றி வர ஆசைப்படுகிறவருக்கோ இதுதான் முதல் தடை.

காரணம் இது. வண்டி நுழையாத நெடுந்தூர சைக்கிள் வழிகள் உலகில் எங்கெல்லாம் தழைத்திருக்கின்றனவோ, அங்கெல்லாம் பெரும்பாலும் அவை ரயில் விட்டுச்சென்ற தடத்தில்தான் பிறந்தன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய் - ஸ்பார்ட்டா தடம் 1967-இல் திறந்தது. சுமார் 51 கிலோமீட்டர், நடுவே மூன்று சுரங்கங்கள். ஸ்பெயின் 1993-இல் இதைத் தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டு 3,000 கிலோமீட்டருக்கு மேல் போட்டுவிட்டது. அயர்லாந்தில் 1937-இல் மூடிய வெஸ்ட்போர்ட் - அக்கில் தடம் 42 கிலோமீட்டர் சைக்கிள் வழியாக எழுந்தது. அதைப் பார்த்து வாட்டர்ஃபோர்டிலிருந்து டங்கார்வனுக்கு, 1967-இல் ரயில் நின்றுபோன தடத்தில், 46 கிலோமீட்டர் வழியை 2017-இல் திறந்தார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ தடம் 152 கிலோமீட்டர். அந்த வறண்ட மேட்டு நிலத்தில் ரயில் நின்றபின் வாடிய சிற்றூர்களுக்குச் சைக்கிள்காரர்கள் தேநீர்க் கடையும் தங்கும் விடுதியும் கொண்டுவந்தார்கள்.

ரயில் தடம் சைக்கிளுக்கு இவ்வளவு பொருந்துவதற்கு நில அமைப்புதான் விளக்கம். நீராவி எஞ்சின் மேடேற மிகவும் சிரமப்படும். அதனால் சமவெளியில் நூறடிக்கு ஓரடிக்கு மேல் ஏறாதபடி பார்த்துக்கொண்டார்கள். குன்றைக் குடைந்தார்கள், பள்ளத்தை மண் கொட்டி நிரப்பினார்கள், வளைவை நீட்டி வளைத்தார்கள். எஞ்சினுக்குச் செய்த அந்தச் சலுகை நூறு ஆண்டுக்குப் பிறகு பத்து வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயது முழங்காலுக்கும் உதவுகிறது. ஊருக்கு ஊர் ஸ்டேஷன் இருந்ததால் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் சரியான இடைவெளியும் தானாகவே அமைந்துவிடுகிறது.

ஆனால் சரிவும் சுரங்கமும் இருந்தால் மட்டும் வழி வந்துவிடாது. தலைமுறை தாண்டியும் ஒரு நீள நிலத்துண்டு அறுபடாமல் இருக்க வேண்டும். அமெரிக்கர்கள் இதைச் சட்டத்தால் பிடித்துவைத்தார்கள். 1983-இல் அவர்களுடைய தேசியத் தடங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ரயில் நின்றுபோன தடத்தைக் கூறுபோட்டு விற்காமல், என்றாவது ரயில் திரும்பி வரும் என்ற கணக்கில் முழுசாக வைத்திருக்கலாம், அதுவரை அதில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடலாம் என்பது அதன் சாரம். பக்கத்து நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1990-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. சைக்கிள் வழியைப் பூங்கா வேலையாக அந்தச் சட்டம் பார்க்கவில்லை. நிலத்தைக் காவல் காக்கும் வேலையாகப் பார்த்தது. நம் ஊரில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் விட்டுப்போவது இந்த ஒன்றுதான்.

விட்டுப்போனதன் விலை என்ன என்று பார்க்கத் தருமபுரிக்குப் போக வேண்டும். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோக உதவும் என்று அன்றைய சேலம் மாவட்டத்தின் வடக்கே வெள்ளைக்காரர்கள் இரண்டரை அடி அகலத்தில் சிறு பாதைகள் போட்டார்கள். திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி 1905-இல் வந்தது. மொரப்பூர் - தருமபுரி 1906-இல் வந்து 1913-இல் ஓசூர் வரை நீண்டது. பேருந்துப் போட்டியில் முதலாவது முப்பதுகளில் ஓய்ந்தது. இரண்டாவது 1941-இல் போர்க்காலத்தில் மூடப்பட்டது, தண்டவாளம் கழன்றது. பிறகு அந்தத் தடத்தை நீள நிலமாக யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. 2019 மார்ச்சில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 36 கிலோமீட்டர் அகலப் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். நூற்றுப்பதின்மூன்று ஆண்டுக்கு முன் ரயில் ஓடிய அதே இரண்டு ஊருக்கு நடுவில், பழைய தடத்தில் வீடுகள் வந்துவிட்டதால், நிலத்தைப் புதிதாகக் காசு கொடுத்து எடுக்க வேண்டிய நிலை.

இதற்கு நேர் மாறான கதை விருதுநகர் மாவட்டத்தின் வடமேற்கு எல்லைக்கு அப்பால் இருக்கிறது. மதுரை - போடிநாயக்கனூர் பாதை 1928-இல் திறந்தது. போருக்கு இரும்பு வேண்டுமென்று நாற்பதுகளில் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். அகலப்படுத்த 2010 முடிவில் மூடினார்கள். தேனிக்கு 2022 மேயிலும் போடிக்கு 2023 ஜூனிலும் ரயில் வந்தது. பன்னிரண்டு ஆண்டு வெறும் மண் மேடாகக் கிடந்தாலும் நிலம் ஒரே கையில் இருந்தது. அதனால் ரயில் திரும்ப முடிந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டில் ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக ஒரு சைக்கிள் வழி ஓடியிருக்கலாம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஓடியிருந்தால் ஆக்கிரமிப்பை அகற்றும் வேலையாவது குறைந்திருக்கும்.

நின்றுபோன மற்ற பாதைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் திசையன்விளைக்குப் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலைக்காக ஒரு குட்டி ரயில் ஓடி 1940-இல் நின்றது. பனங்கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுத்த ஆலை அது. தேரிக்காட்டில் அந்தத் தடத்தைத் தேடிப் பிடிக்க இன்று பழைய வரைபடம் கையில் வேண்டும். அந்தக் கடற்கரையில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். ஆக, குலசேகரன்பட்டினத்துக்கு வண்டி யோகம் இன்னும் தீரவில்லை.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் இன்னும் சுவையானது. முதலில் 1902-இல் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளம், 1908-இலிருந்து இரண்டடி அகலத்தில் நீராவி எஞ்சின். தேயிலைப் பெட்டிகள் மலை விளிம்புவரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. 1924 ஜூலை வெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனது. யாரும் திரும்பப் போடவில்லை. மலைச்சரிவில் எஞ்சினுக்கு வெட்டிய அந்தத் தடம் பல இடங்களில் மோட்டார் சாலையாகிவிட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் ஸ்டேஷன் இல்லாமல் நிற்கிறது. விடுமுறை நாளில் அங்கே கார் நெரிசலில் மாட்டியவர்களுக்கு இது ரயிலுக்குப் பார்த்த சரிவு என்பது தெரிய வாய்ப்பில்லை.

தனுஷ்கோடியை விட்டுவிட்டு இந்தக் கணக்கை முடிக்க முடியாது. 1914-இல் பாம்பன் பாலத்தோடு வந்த பாதை, 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பயணி ரயிலோடு சேர்ந்து கடலுக்குள் போனது. அரை நூற்றாண்டு மணலில் கிடந்த அந்த முனைக்கு 2017 ஜூலையில் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறந்தார்கள். இரண்டு பக்கமும் கடல், மேடு பள்ளமே இல்லாத நிலம், நடுவில் இடிந்த ஸ்டேஷன், தேவாலயம். தமிழ்நாட்டில் சைக்கிளுக்கென்றே விட்டிருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பது என் எண்ணம். வயதானவர்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் பேட்டரி வண்டி விட்டிருக்கலாம். வேன்களும் கார்களும் முனைவரை போய்த் திரும்பும் சாலையாக அது ஆகிவிட்டது.

தமிழர் வாழும் வேறொரு கரையில் இதே கேள்விக்கு வேறு விடை கிடைத்தது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து வடக்கே மலேசியாவுக்குப் போன மலாயா ரயில், 2011 ஜூன் 30-உடன் நகருக்குள் ஓடுவதை நிறுத்தியது. மலாயா ரயில் பாதைகளைப் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழ்க் கூலிகளின் உழைப்பு பெரும்பங்கு. உலகிலேயே விலை உயர்ந்த நிலங்களில் ஒன்றான அந்த ஊரில், நகரத்தின் நடுவே கிடைத்த 24 கிலோமீட்டர் நீளத் துண்டைக் கூறுபோடாமல் நடைக்கும் சைக்கிளுக்கும் விட்டார்கள். விட வேண்டும் என்று குடிமக்கள் கேட்டார்கள், அரசு கேட்டுக்கொண்டது. பழைய புக்கிட் திமா ஸ்டேஷனையும் இரும்புப் பாலத்தையும் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். நிலத் தட்டுப்பாடு என்ற சாக்கை இந்த ஓர் எடுத்துக்காட்டு பலவீனமாக்கிவிடுகிறது.

இந்தியாவில் வண்டியில்லாச் சைக்கிள் வழி முயற்சிகள் வேறு திசையில் போயின. உத்தரப் பிரதேசத்தில் இட்டாவாவிலிருந்து ஆக்ராவுக்கு 207 கிலோமீட்டர் சைக்கிள் நெடுஞ்சாலை 2016 நவம்பரில் திறந்தது. ஆட்சி மாறியது, சில ஆண்டுகளில் பல இடங்களில் அது புதரும் ஆக்கிரமிப்புமாகக் கிடந்தது. ஹைதராபாத் வெளிவட்டச் சாலையோரம் சூரிய மின் தகட்டுக் கூரையோடு 23 கிலோமீட்டர் பாதை 2023-இல் வந்தது. வெயிலுக்குக் கூரை என்பது நல்ல யோசனை, நம் ஊரும் யோசிக்க வேண்டியது. ஆனால் அதில் ஓட்டப் பலர் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இரண்டிலும் ஒரே குறை. அந்த வழியில் அன்றாடம் போய்த்தான் தீர வேண்டும் என்ற ஆட்கள் இல்லை. ஆள் இல்லாத பாதையைக் காக்க எந்த ஊரும் சண்டை போடாது.

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியைச் சுற்றிய பட்டாசுப் பகுதியில் அந்த ஆட்கள் இருக்கிறார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்க அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போனார்கள் என்பது சிவகாசியில் பள்ளிப் பிள்ளையும் சொல்லும் கதை. அதே பத்தாண்டில் ரயிலும் வந்தது. ஆனால் ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோன சரக்கு பயணி ரயிலில் ஏறக்கூடாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவுப்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் ஸ்டேஷனில் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். பட்டாசு லாரியில்தான் போகிறது. காகித உருளை, அட்டை, ரசாயனம் எல்லாம் லாரியில்தான் வருகிறது. குவாரி டிப்பர், தண்ணீர் லாரி, விடியற்காலையில் ஏழாயிரம்பண்ணைக்கும் தாயில்பட்டிக்கும் வெம்பக்கோட்டைக்கும் ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி வேன், எல்லாம் ஒரே சாலையில். பெரும்பாலான கிளைச் சாலைகளில் தார் முடிகிற இடத்தில் ஓரம் அரையடி இறங்கிவிடும். லாரி ஒதுக்கினால் சைக்கிள்காரர் இறங்கியே ஆக வேண்டும்.

அந்த ஓரத்தில் ஓட்டுகிறவர்கள் யார்? மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி 2005-06-இல் விரிந்த விலையில்லாச் சைக்கிள் திட்டம் ஒவ்வோர் ஆண்டும் பதினொன்றாம் வகுப்பில் வண்டியைத் தருகிறது. வண்டி தரும் அரசு வழியைத் தரவில்லை. பிறகு, பால் கேன் கட்டியவர், ஆடு மேய்க்கப் போகிறவர், ரேஷன் அரிசி மூட்டையைக் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் பெரியவர். பட்டாசு ஆலைக்குப் போகும் ஆண்கள் பெரும்பாலும் மொபெட்டுக்கு மாறிவிட்டார்கள். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றதை நாடே பேசியது. அவர்களில் பலருடைய மகள்கள் இன்று ஸ்கூட்டியில் போகிறார்கள். போகட்டும், அதில் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. சாலை பயமுறுத்துவதால்தான் சைக்கிளை விட்டார்கள் என்றால் மட்டும் அதைக் கேட்டாக வேண்டும்.

இன்னொரு கூட்டத்தையும் சேர்க்க வேண்டும். நெடுந்தூரம் வண்டி இல்லாமல் போவது தமிழனுக்கு வெளிநாட்டுச் சரக்கு இல்லை. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கும், மாசியில் திருச்செந்தூருக்கும், தைப்பூசத்துக்குப் பழனிக்கும் நடக்கிறவர்கள் நாற்கரச் சாலையின் ஓரத்தில், லாரி விளக்கில் பளபளக்கும் ஸ்டிக்கரைப் பையில் ஒட்டிக்கொண்டு, இரவில் நடக்கிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் வழியில் பாதயாத்திரைப் பக்தர்களுக்கென்று சாலையோர நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஊர் தாண்டிப் போகும் மோட்டார் இல்லா வழிக்கு அரசு செலவழித்த அரிய எடுத்துக்காட்டு அது. சுற்றுலா என்று கேட்டால் கிடைக்காத பணம் சாமி பேரில் கிடைத்தது. கிடைத்தவரை நல்லது.

சரி, வழி எங்கே போடுவது? ஓடுகிற ரயில் பாதையின் ஓரத்தில் வேலி கட்டிப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். தென்காசிக் கிளை இன்னும் ஒற்றைப் பாதை. என்றாவது இரட்டிக்க வேண்டுமென்று ரயில்வே அந்த ஓர நிலத்தை இறுகப் பிடித்திருக்கும், பிடித்திருக்கவும் வேண்டும். அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்தால் ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. அந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்த மாவட்டத்தில் தலைமுறை தாண்டியும் அறுபடாத நீள நிலம் ரயிலுக்கு முன்பே இருந்தது. கண்மாய்க் கரை. வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் வரை, மேற்கு மலையடியில், மேல் கண்மாயின் கலுங்கு வழிந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும் சங்கிலியாக அவை கிடக்கின்றன. பிளவக்கல்லில் பெரியாறும் கோவிலாறும் அணைகளாக நிற்கின்றன. கிழக்கே கரிசலில் கண்மாய்கள் வறண்டவை. அங்கே வைப்பாற்றில் வெம்பக்கோட்டை அணை, அர்ச்சுனா நதியில் கோல்வார்பட்டி அணை, கௌசிகா நதியில் குல்லூர்சந்தை நீர்த்தேக்கம் என்று நீண்ட கரைகள் இருக்கின்றன. ரயில் தடத்தின் சமதளம் எஞ்சினின் இயலாமையால் வந்தது என்றேன். கரையின் சமதளம் இன்னும் உறுதியானது, ஏனென்றால் தண்ணீர் மட்டம் சாய்வைப் பொறுக்காது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கரையின் தலை ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், தாழ்ந்த இடத்தில் உடைந்துவிடும். ஒரு கரையில் ஏறிவிட்டால் அந்தக் கரை முடியும்வரை சைக்கிள்காரருக்கு ஏற்றமே கிடையாது. இரண்டு கரைக்கு நடுவே வரத்துக் கால் ஓரமும், கிராம வரைபடத்தில் இன்னும் வண்டிப்பாதை என்று கோடு போட்டிருக்கும் மாட்டுவண்டித் தடங்களும் இருக்கின்றன.

சொல்வது எளிது, கரையில் ஏறிப் பார்த்தால் முதலில் வரவேற்பது சீமைக் கருவேலம். அதன் முள் சைக்கிள் டயரைத் தாண்டி டியூபில் ஏறும், உடைந்து உள்ளேயே இருந்துகொண்டு ஒட்டுப்போட்ட மறுநாளும் காற்றை இறக்கும். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை வேரோடு அகற்றச் சொன்னபோது மாவட்டம் மாவட்டமாக ஜேசிபி ஓடியது. அகற்றிய இடத்தில் ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அது திரும்பி வரும். அடுத்தது மண். கரிசல் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் பிளக்கும். சாத்தூர்ப் பக்கம் ஒரு மழைக்குப் பின் சைக்கிள் தள்ளிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே களி அடைத்து, சக்கரம் சுற்றாமல், குச்சியால் நோண்டி நோண்டித்தான் வீடு வர வேண்டும். இந்த மண்ணில் சிமென்ட் கல் பாவினால் இரண்டு கோடையில் அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும். கிராவல் போட்டு உருளை ஓட்டி, ஆண்டுதோறும் பள்ளத்தை நிரப்புவதுதான் தாங்கும். அது கான்ட்ராக்டருக்குப் பிடிக்காத வேலை, நூறு நாள் வேலைக்குப் பழகிய கைகளுக்குத் தெரிந்த வேலை. மூன்றாவது வெயில். ஏப்ரலில் நிழலில்லாத கரையில் பகல் பத்து மணிக்கு மேல் யாரும் ஓட்ட முடியாது. கரையின் வெளிச்சரிவில் பனை வைத்தால் மண்ணையும் பிடிக்கும், வேர் கரையைப் பிளக்காது. நிழல் என்று பார்த்தால் பனை கொஞ்சம் கஞ்சன்தான்.

சட்டம் இந்த இடத்தில் அமெரிக்காவை விட நமக்குச் சாதகம். அங்கே தடத்தின் நிலம் யாருடையது என்று பல பத்தாண்டு வழக்கு. இங்கே கண்மாயும் கரையும் வரத்துக் காலும் அரசுப் புறம்போக்கு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. 2007-ஆம் ஆண்டு கண்மாய் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் எல்லையை அளந்து கல் நடச் சொல்கிறது. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொதுநிலங்களை மீட்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. காகிதம் போதுமான அளவு இருக்கிறது. கரையில் தினமும் ஆள் போய்வந்தால், எல்லைக் கல்லை நகர்த்துகிறவனை நாலு பேர் பார்ப்பார்கள். தடத்தைப் பயன்பாட்டில் வைத்தே காக்கலாம் என்ற அந்த 1983 திருத்தத்தின் நியாயம் கண்மாய்க்கும் அப்படியே பொருந்தும். தருமபுரி தன் ரயில் தடத்தை இழந்த விதத்தில்தான் பல ஊர்கள் வரத்துக் காலை இழந்துகொண்டிருக்கின்றன.

நீர்வளத் துறைப் பொறியாளர்கள் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். கரை நீரைத் தாங்கக் கட்டியது. சைக்கிளுக்கு என்று திறந்தால் பைக் ஏறும், பைக் ஏறினால் டிராக்டர் ஏறும், மணல் லாரி வரும். மடைக்கு மேல் சக்கரம் ஏறி ஏறி மண் உள்வாங்கினால் ஒரு மழையில் கரை போய்விடும். எனவே ஏறும் இடத்தில் சைக்கிளும் ஆளும் மட்டும் நுழையும் இடைவெளியில் கல்தூண் நட வேண்டும், மாடு போக வேறு இறக்கம் விட வேண்டும். ஆடு மாடு மேய்ப்பவரை விரட்டும் எந்தத் திட்டமும் ஊரில் நிற்காது.

பட்டாசுப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள்படி ஆலையின் மருந்து அறைக்கும் பொதுச் சாலை, ரயில் பாதை, குடியிருப்பு போன்றவற்றுக்கும் நடுவே குறிப்பிட்ட பாதுகாப்புத் தூரம் இருக்க வேண்டும். ஒரு கண்மாய்க் கரையை அறிவிக்கப்பட்ட பொது வழியாக்கினால், பக்கத்து ஆலையின் உரிமக் கணக்கே மாறலாம். ஆலைக்காரர் எதிர்ப்பார், அதில் நியாயமும் இருக்கிறது. வெடிவிபத்து என்பது இங்கே கற்பனை அபாயமில்லை. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நடந்ததில் வேடிக்கை பார்க்கவும் உதவவும் ஓடிப்போனவர்களும் செத்தார்கள். ஆகவே வழியின் கோட்டை வரைவதற்கு முன் மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் சிவகாசி அலுவலகத்தில் உட்கார்ந்து ஆலைகளின் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் பல கரைகள் இதனால் கழிந்துபோகும். மேற்கு மலையடிக் கண்மாய்களில் இந்தச் சிக்கல் குறைவு.

அதனால் தொடங்குவதற்கு வத்திராயிருப்பு - ஸ்ரீவில்லிபுத்தூர் - ராஜபாளையம் பக்கமே சரி. பின்னிரண்டு ஊருக்கும் ரயில் இருக்கிறது. வெளியூர்க்காரர் ரயிலில் வந்து இறங்கி, ஒரு நாள் கரையோடு போய், அடுத்த ஸ்டேஷனில் ஏறலாம். சைக்கிளை வாடகைக்கு எடுக்கலாம், ரயிலில் ஏற்றிக்கொண்டு வரவே வேண்டாம். செண்பகத்தோப்பில் சாம்பல் அணில், தென்னந்தோப்பு, ஆண்டாள் கோயில், பால்கோவா என்று வழிக்குத் தேவையானவை ஏற்கெனவே இருக்கின்றன. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது நடைவழிகளைக் கட்டணத்தோடும் வழிகாட்டியோடும் திறந்தது. குரங்கணிக் காட்டுத் தீயில் 2018-இல் கற்ற பாடத்துக்குப் பிறகு வந்த ஒழுங்கு அது. கண்மாய்க் கரைக்கு அவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை, கட்டணமும் கூடாது. கட்டணச் சீட்டு வந்த அன்றே பள்ளிப் பிள்ளை சாலைக்குத் திரும்பிவிடும்.

கிழக்கே பட்டாசுப் பகுதிக்குள் ஒரு துண்டு மட்டும் போடுவதானால், வெம்பக்கோட்டை அணைக் கரையிலிருந்து 2022-இல் அகழாய்வு தொடங்கிய விஜயகரிசல்குளம் மேடுவரை போடலாம், பாதுகாப்புத் தூரம் அனுமதித்தால். தீபாவளி முடிந்து ஆலைகள் பூட்டிக்கிடக்கும் வாரங்களும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கண்மாய் நிறைந்து பறவை வந்திறங்கும் காலமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகின்றன. லாரியும் குறைந்திருக்கும். வெளியூர்க்காரருக்கு ஓட்ட ஏற்ற மாதங்கள் மார்கழியும் தையும்தான்.

மிச்சம் இருப்பது கலுங்கு. கரை வழியாக வந்தவர் கலுங்கில் நின்றுதான் ஆக வேண்டும். தண்ணீர் வழிய விட்ட இடத்தில் பாலம் கட்டப் பொறியாளர் விடமாட்டார், விடவும் கூடாது. கலுங்குக்குக் கீழே கல் பாவிய தளத்தில் இறங்கி மறுபக்கம் ஏற ஒரு சாய்தளம் போதும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கலாம். கண்மாய் மறுகால் பாயும் நாட்களில் இரு பக்கமும் சங்கிலி போட்டு மூட வேண்டும். சங்கிலியும் சாவியும் யாரிடம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. மடை திறந்து மூட ஊரில் ஏற்கெனவே நீர்பாய்ச்சி ஒருவர் இருந்தால் அவரிடமே கொடுத்து, ஊராட்சி அவருக்கு மாதச் சம்பளம் போட வேண்டும்.